வெல்ஷ் கேக்குக்கு ஏன் ஊருக்கு ஒரு பெயர்?

கேள்வி இதுதான்: வெல்ஷ் கேக், பேக்ஸ்டோன், பிக்கே ஆர் அ மைன், தைசென் ராடெல் என்றெல்லாம் சொல்கிறார்களே, இவை வேறு வேறு பலகாரங்களா?

இல்லை, எல்லாம் ஒன்றுதான். மாவு, கொழுப்பு, சர்க்கரை, உலர்ந்த கருந்திராட்சை, முட்டை, கொஞ்சம் ஜாதிக்காய்ப் பொடி அல்லது கலவை மசாலா. பிசைந்து, தேய்த்து, வட்டமாக வெட்டி, கனமான இரும்புக் கல்லில் சுடுவார்கள். நான் பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸின் தெற்குப் பகுதியில் வசிக்கிறேன். இங்கே இது விசேஷத்துக்கு மட்டும் செய்கிற பண்டம் இல்லை. தேநீரோடு எந்த நாளும் உண்டு. மார்ச் 1, வேல்ஸின் பாதுகாவலரான புனித டேவிட்டின் நாளன்று இன்னும் அதிகம்.

பெயர்கள் மாறுவதற்குக் காரணம் அந்தக் கல்தான். வேல்ஸின் பல வீடுகளில் நெடுங்காலம் ஓவன் கிடையாது. கணப்பில் எரியும் நெருப்புக்கு மேல் ஒரு தட்டையான கல்லை வைத்துத்தான் ரொட்டி சுட்டார்கள். பிறகு கொல்லர்கள் அடித்த இரும்புத் தகடு வந்தது. தெற்கே கிளமார்கன் பகுதியில் அதன் பெயர் 'மைன்', அதாவது கல். இரும்பாக மாறிய பிறகும் பெயர் மாறவில்லை, நம் தோசைக்கல் மாதிரியே. அதனால் அங்கே பலகாரம் பிக்கே ஆர் அ மைன், 'கல்மேல் சுட்ட சிறு கேக்குகள்'. செல்லமாக பிக்கே பாக், 'குட்டி கேக்குகள்'. வடக்கே போனால் அதே தகடு 'கிராடெல்'. கேக்கும் தைசென் ராடெல் ஆகிவிடும். ('தைசென்'னுக்குப் பின் வரும்போது முதல் எழுத்து உதிர்ந்துவிடும், வெல்ஷ் மொழியின் இலக்கணம் அப்படி.) தென்மேற்கில் அதை 'பிளாங்க்' என்பார்கள், அதில் சுடும் கனத்த ரொட்டி பாரா பிளாங்க். தெற்கில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் கல்லையும் பேக்ஸ்டோன் என்பார்கள், சிலர் கேக்கையும் அப்படியே அழைப்பார்கள். காக்கென் கிரி என்று இன்னொரு பெயரும் உண்டு.

இந்தப் பேச்சுவழக்குகள் இவ்வளவு தெளிவாக நமக்குக் கிடைத்திருப்பதற்கு ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய மின்வெல் டிபட், வேல்ஸ் முழுக்கப் போய் முதிய பெண்களைச் சந்தித்து, அவர்கள் சமைத்த விதத்தையும் சொன்ன சொற்களையும் ஒலிப்பதிவு செய்தார். அடுப்படிப் பேச்சை அறிவாக மதித்த வேலை அது. எனக்கு அவர் மீது பெரிய மரியாதை.

சர்க்கரையும் திராட்சையும் கொழுப்பும் தாராளமாகச் சேர்ந்து இது இன்றைய வடிவத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். எளிதில் உடையாது, கையை அழுக்காக்காது என்பதால் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைக்குக் கொண்டுபோனார்கள்.

செய்து பார்க்க நினைத்தால்: செல்ஃப் ரைசிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மைதா) 225 கிராம், வெண்ணெய் 110, சர்க்கரை 85, திராட்சை 75, முட்டை ஒன்று. வெண்ணெயை மாவில் விரல் நுனியால் தேய்த்துக் கலந்த பிறகுதான் மற்றவை. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான கனம் போதும். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைந்தால் கேக் கடினமாகிவிடும், அப்புறம் எதுவும் செய்ய முடியாது. தீ மிதமாக இருக்கட்டும். கல்லில் ஒரு சிட்டிகை மாவைத் தூவினால் அது கருகாமல் மெல்லச் சிவக்க வேண்டும். பக்கத்துக்கு மூன்று நிமிடம், ஒரே ஒரு முறை திருப்பல். ஓரம் வெளிறியே இருக்கும், நடுவில் லேசாக மெத்தென்று இருக்கும். அதுதான் சரியான பதம். ஓவனில் வைக்காதீர்கள். உள்ளே காய்ந்து வேறு பண்டமாகிவிடும். சூடாக இருக்கும்போதே சர்க்கரையில் புரட்டுங்கள்.

பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுதான் பழைய முறை, இன்றும் சிலர் அதை விடுவதில்லை. அதைச் சாப்பிடாதவர்கள் கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஸ்வான்சி சந்தையில் கல்லில் சுட்டு, சூடாகவே தருகிறார்கள். முதல் முறை சாப்பிட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.