பாடத்துக்குப் பாடம் விரிவுரையாளர்கள் எப்படி வேறுபடுகிறார்கள்?

பல்கலைக்கழக மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். நான் மட்டக்களப்பில் கலைப்பீட மாணவி, முதலாம் வருடம் முடிகிறது. புவியியல், தமிழ், பொருளியல் மூன்றும் என் பாடங்கள். கூடவே புள்ளிவிபரவியலும் படித்தேன். கண்டிப்பானவர், கலகலப்பானவர் என்று பிரிப்பதைவிட, ஒவ்வொருவரும் எதை ஆதாரமாக ஏற்கிறார் என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரிகிறது.

புவியியல் சேர் சூறாவளி பற்றிய பாடத்தை வீட்டு வேலையோடு தொடங்கினார். 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நேரில் கண்ட மூத்தவர்களிடம் கேட்டு வரச் சொன்னார். காற்று முதலில் எந்தப் பக்கமிருந்து அடித்தது? இடையில் நின்றதா? பிறகு எந்தப் பக்கமிருந்து வந்தது?

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே களுவாஞ்சிகுடியில் இருக்கும் அம்மம்மாவிடம் கேட்டேன். "முதல்ல வடக்கால அடிச்சிது மனே. பிறகு ஒரு சத்தமும் இல்ல. முடிஞ்சிது எண்டு வெளிய வந்த ஆக்களும் இருக்காங்க. அதுக்குப் பிறகு தெக்கால வந்திச்சி, அதுதான் கூரையக் கொண்டு போனது" என்றார்.

அடுத்த வகுப்பில் சேர் மாவட்ட வரைபடத்தைக் கீறி, எங்கள் விடைகளை ஊர் ஊராகக் குறித்தார். பூமத்திய ரேகைக்கு வடக்கே சூறாவளிக் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கே கடலிலிருந்து அது கரையேறும்போது முன்பக்கம் வடக்குக் காற்றாகவும், கடந்துபோன பின் தெற்குக் காற்றாகவும் அடிக்கும். நடுவில் வந்த அமைதிதான் சூறாவளியின் கண். மாவட்டத்தின் வடக்கே வாகரைப் பக்கத்துப் பிள்ளைகள் அப்படி ஓர் அமைதியைக் கேள்விப்படவே இல்லை என்றார்கள். கண் எந்தப் பக்கத்தால் போயிருக்கும் என்று அந்த வரைபடத்தைப் பார்த்து நாங்களே சொன்னோம். உயர்தரத்தில் மனப்பாடம் செய்த ஒரு பாடம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இதையே புள்ளிவிபரவியல் சேரிடம் பெருமையாகச் சொன்னோம். அவர் ஏற்கவில்லை. "இடையில் நின்றதா என்று நீங்களே விடையை எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். என்ன நடந்தது என்று மட்டும் கேட்டிருக்க வேண்டும். ஊருக்கு எத்தனை பேரிடம் கேட்டீர்கள்?" என்றார். சீனியர் அண்ணாமார் அவரைப் பொல்லாதவர் என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. எங்கள் வேலையை அவ்வளவு கவனமாகக் கேட்டதால்தானே அதிலிருந்த ஓட்டையைக் காட்ட முடிந்தது? வருட மழையைப் பன்னிரண்டால் பிரித்து மாதச் சராசரி சொன்ன ஒருவரிடமும், "மாரியில் கொட்டி முடிக்கிற ஊரில் அந்த எண்ணை வைத்து எந்த விவசாயி விதைப்பான்?" என்று கேட்டார்.

தமிழ் மெடம் முற்றிலும் வேறு மாதிரி. அவருக்கு அவசரமே கிடையாது. சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் உள்ள உரைபெறு கட்டுரை என்ற உரைநடைப் பகுதியில், 'கடல்சூழ் இலங்கைக் கயவாகு' என்ற மன்னன் கண்ணகிக்குக் கோட்டம் அமைத்ததாக வரும் இடத்திலேயே ஒரு விரிவுரை முழுக்க நின்றார். வைகாசியில் நம் ஊர்களில் நடக்கும் கண்ணகி அம்மன் குளுத்தியை, அதாவது அம்மனைக் குளிர்விக்கும் சடங்கை, அதோடு சேர்த்துப் பேசினார். அம்மம்மா பாடும் குளுத்திப் பாட்டில் சில வரிகள் அச்சில் உள்ளதுபோல் இல்லையே, எது சரி என்று கேட்டேன். "சரி பிழையைப் பிறகு பார்ப்போம். உங்கட அம்மம்மா யாரிடம் கேட்டுப் படித்தார், எந்தக் கோயிலில் பாடினார் என்று முதலில் எழுதி வாங்க" என்றார். ஒரே அம்மம்மாவின் பேச்சு ஒரு வகுப்பில் சாட்சி, இன்னொன்றில் போதாத தரவு, இங்கே அதுவே பாடம்! மூன்று பேருமே சரி என்றுதான் நினைக்கிறேன். மூன்றையும் ஒரே வருடத்தில் கேட்கக் கிடைத்தது பெரிய கொடுப்பினை.

பொருளியலைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. அறுவடை நேரத்தில் நெல் விலை ஏன் விழுகிறது என்ற விரிவுரை மட்டும் மனதில் நிற்கிறது. எல்லோரும் ஒரே சமயத்தில் விற்பது பாதிக் காரணம்தான், காயப்போட இடமும் கடனுக்குத் தவணையும் இல்லாதவன் ஈர நெல்லையே விற்க வேண்டியிருப்பது மறுபாதி என்று அந்த விரிவுரையாளர் விளக்கினார்.

இரண்டாம் வருடத்துக்குப் புவியியலைச் சிறப்புப் பாடமாகக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். தமிழ் விரிவுரைகளிலும் பின்வாங்கில் இருந்து கேட்கலாமா என்று மெடத்திடம் கேட்டேன், வரச் சொல்லிவிட்டார். அம்மம்மாவின் பாட்டை எழுதி முடித்துக் கொண்டு வர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.