பிறை வெள்ளைத் திட்டாக வருவது ஏன்?

200 மிமீ லென்ஸில் கேமராவின் ஷட்டரை 4 நொடி திறந்து வைத்ததில் பிறை வெறும் வெள்ளைத் திட்டாகவும், பக்கத்திலிருந்த வெள்ளிக் கோள் கோடாகவும் விழுந்ததாக எழுதியிருந்தீர்கள். லென்ஸை மாற்றிவிடாதீர்கள்; தவறு ஷட்டர் திறந்திருந்த நேரத்தில்தான். பூமி சுழல்வதால் வானில் தெரிபவை நகர்ந்து கோடாகிவிடும்; அந்த லென்ஸுக்கு 1 நொடியே அதிகம்.

பிறையின் ஒளிரும் பகுதி வெயில் பட்ட பாறை; அந்த வெளிச்சத்துக்கு நீண்ட நேரம் திறந்தால் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 400, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 5.6, 1/60 நொடியில் தொடங்கி, திரையைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். ஃபோகஸை நிலாவின் விளிம்பில் கையால் வையுங்கள்.

இருண்ட பக்கத்தில் மங்கலாகத் தெரிவது பூமியில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளி. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்! அதற்கு ஐஎஸ்ஓ 3200, 1/2 நொடி என்று தனியாக ஒரு படம் எடுங்கள். அப்புறம் இரண்டையும் இணைக்கலாம். சூரியன் மறைந்து அரை மணி நேரத்தில், வானம் கருநீலமாக இருக்கும்போதே முயன்று பாருங்கள்.