ஐஎஸ்ஓ கோப்பை வட்டில் பதிவது எப்படி?

கேள்வி: ஐஎஸ்ஓ கோப்பு ஒன்றை வெற்று டிவிடியில் பதிந்தேன், ஆனால் அந்த வட்டைக் கொண்டு கணினியைத் தொடங்க முடியவில்லை. தவறு எங்கே?

பதில்: வட்டைத் திறந்தால் அந்த ஒரே கோப்பு மட்டும் தெரிகிறதா? அப்படியானால் அதை வெறுமனே நகலெடுத்திருக்கிறீர்கள். ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு வட்டையும் அப்படியே ஒரே கோப்பாக்கிய நகல் (வட்டுப் படிமம்) என்பதால், கணினியைத் தொடங்கும் பகுதி உட்பட அதன் உள்ளடக்கம் யாவும் வட்டில் விரிந்து அமையுமாறு பதிய வேண்டும். விண்டோஸ் 7 முதல் இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை, கோப்பின் மீது வலது கிளிக் செய்து, வட்டுப் படிமத்தைப் பதியும் கட்டளையைத் தேர்ந்தெடுத்து, பதிந்தபின் சரிபார்க்கும் வசதியையும் குறியிடுங்கள் (நேரம் பிடிக்கும், ஆனாலும் தவிர்க்காதீர்கள்). உறையில் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருக்கும் டிவிடியை விண்டோஸ் சுமார் 4.38 ஜிபி என்றே கணக்கிடும் என்பதால், கோப்பின் அளவை முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.