டர்ட் பைக்கில் கரடுமுரடான பாதையில் போய் விழுந்திருக்கிறீர்களா? எதனால் விழுந்தீர்கள்?

பல தடவை விழுந்திருக்கிறேன். பெரும்பாலும் தூசியைத் தட்டிவிட்டு வண்டியைத் தூக்கி நிறுத்துவதோடு முடிந்துவிடும். மணிக்கட்டு எலும்பு முறிந்தது ஒரே ஒரு தடவைதான். அதைச் சொல்கிறேன்.

வேகம் காரணமில்லை. அப்போது மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம். இறக்கம். கெட்டியான தரை, அதன்மேல் உருளும் சரளைக்கல். மழைத்தண்ணீர் அறுத்த ஒரு பள்ளம் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அதைத் தாண்டியதும் தேங்காய் அளவில் ஒரு கல். ‘இதில் மட்டும் ஏறிவிடக் கூடாது’ என்று நினைத்துக்கொண்டு அதையே பார்த்தேன். கண் போகிற பக்கம்தான் வண்டியும் போகும். நேராக அதன்மேல் போனேன். கடைசி நேரத்தில் பயந்து முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். சக்கரம் சுற்றுவது நின்று, சரளையில் வழுக்கி, ஹேண்டில்பார் இடப்பக்கம் மடங்கியது. கையை ஊன்றி விழுந்தேன்.

இடது கால் வண்டிக்கு அடியில். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, பின்சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் செய்த ஒரே உருப்படியான காரியம் எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சை அழுத்தியது. டேங்க் மூடியின் குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டியது. என் வண்டியில் சைலன்சர் வலப்பக்கம். அந்தப் பக்கம் விழுந்திருந்தால் பேண்ட்டோடு சேர்த்துக் காலும் வெந்திருக்கும். கணுக்கால் தப்பியது முழங்கால் வரை வரும் கெட்டி பூட்ஸால்தான். சாதாரண ஷூ போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் இப்போதும் எனக்குக் கால் கூசும்.

வண்டிக்குப் பெரிய சேதமில்லை. ஹேண்டில்பார் கோணிக்கொண்டது. முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு திருகியதும் ஓரளவு நேரானது. கிளட்ச் லீவர் உடையவில்லை. அதற்கு முந்தைய விழுகையில் லீவர் பாதியில் முறிந்து, அப்புறம் வண்டியை வெகுதூரம் தள்ளிக்கொண்டு வந்தவன் நான். அன்றிலிருந்து லீவரை ஹேண்டில்பாரோடு பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டை முழுசாக முறுக்குவதில்லை. பலமாகத் தட்டினால் லீவர் சுழன்று விலகிக்கொள்ளும், உடையாது.

உண்மையான முட்டாள்தனம் அதற்குப் பிறகு செய்ததுதான். விரல்கள் எல்லாம் அசைந்தன, வீக்கமும் அதிகமில்லை. சரி, சுளுக்குதான் என்று அந்தக் கையோடே வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பினேன். விழுந்த படபடப்பில் வலி சரியாகத் தெரியாது. ஐந்து நாள் கழித்து மருத்துவரிடம் போனபோது எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு சின்னக் குழி விழுமே, அங்கே அவர் லேசாக அழுத்தியதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அப்போதே மாவுக்கட்டு போட்டார். இரண்டு வாரம் கழித்து எடுத்த படத்தில் விரிசல் தெரிந்தது. ஸ்கேஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு. அதற்கு ரத்த ஓட்டம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்துதான் வருகிறது, அதனால் நடுவில் முறிந்தால் கூடுவதற்கு நாளாகும். கவனிக்காமல் விட்டால் கூடாமலே போகவும் வாய்ப்புண்டு. கையை ஊன்றி விழுந்து அந்தக் குழியில் வலித்தால், முதல் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

‘மண்ணில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது’ என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இறக்கத்தில் எடை முன்பக்கம் சாய்வதால் பிடிமானமும் அங்கேதான் அதிகம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் பின்சக்கரம் சறுக்கிக்கொண்டே போகும், வண்டி நிற்காது. முன் பிரேக்கை ஒரே விரலால், கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். நான் செய்த மாதிரி ஒரேயடியாகப் பிடிக்கக் கூடாது. அன்று நான் இருக்கையில் உட்கார்ந்தே இறங்கியதும் தப்பு. கால் வைக்கும் ஃபுட்பெக்கில் எழுந்து நின்று, முழங்காலால் வண்டியை அணைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளியிருக்க வேண்டும். டயரிலும் சாலைக்கு வைக்கிற மாதிரி 25 பிஎஸ்ஐ காற்று. இந்த மாதிரித் தரைக்கு இப்போது 13, 14 வைக்கிறேன்.

ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். வெளியே ஒரு கீறல்தான். ஆனால் உள்ளே இருக்கும் தெர்மோகோல் மாதிரியான நுரை ஒரு அடியை வாங்கி நசுங்கினால் மறுபடி எழும்பாது.

கட்டுப் பிரித்து, கை பழகி, பல மாதம் கழித்து அதே இறக்கத்துக்குப் போனேன். இந்தத் தடவை வண்டியை மேலேயே நிறுத்திவிட்டு நடந்து இறங்கிப் பார்த்தேன். கல் அங்கேயேதான் கிடந்தது. அதன் இரண்டு பக்கமும் வண்டி போகத் தாராளமாக இடம் இருந்தது.