துபாய் பெட் ஸ்பேஸில் படித்தவர்கள் தங்க முடியுமா?

கேள்வி: துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. கம்பெனி 15 நாள்தான் ஓட்டல் தரும். வீடு எடுக்கிற வரைக்கும் பெட் ஸ்பேஸில் (பலர் தங்கும் ரூமில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுப்பது) இருந்துக்கோ என்கிறார்கள் நண்பர்கள். படித்தவர்கள் அங்கே இருக்க முடியுமா?

அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. 2014 ஆகஸ்டில் துபாயின் தேரா பகுதியில், நைஃப் பக்கம் ஒரு ரூமுக்குப் பெட்டியோடு போனேன். எனக்கு மேல் கட்டிலில் கட்டடச் செலவைக் கணக்கிடும் குவான்டிட்டி சர்வேயர், எதிரில் எம்.காம். படித்த அக்கவுன்டன்ட், ஜன்னலோரம் ஏசி மெக்கானிக், கதவோரம் நகைக்கடை சேல்ஸ்மேன். இதில் யாரைப் படிக்காதவர் கணக்கில் சேர்ப்பீர்கள் என்று தெரியவில்லை. சம்பளத்தில் மெக்கானிக்தான் எங்களுக்கெல்லாம் மேலே.

வந்த உடனே வீடு எடுக்க முடியாததற்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை தம்பி. விசா அடிக்க வேண்டும், எமிரேட்ஸ் ஐடி வர வேண்டும், அதன் பிறகு பேங்க் கணக்கு, செக் புத்தகம். அங்கே வாடகை மாதாமாதம் கையில் கொடுக்கிற சமாச்சாரம் அல்ல. வருட வாடகையை ஒரே செக்காகவோ நாலு செக்காகவோ முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் 5 சதவீதம் டெபாசிட், 5 சதவீதம் ஏஜென்ட் கமிஷன் வேறு. முதல் சம்பளமே வராதவன் எங்கே போவான்?

"நான் இறங்கிய வாரமே ஒன் பெட்ரூம் எடுத்தேன்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: சந்தோஷம். உங்கள் கம்பெனி நல்ல கம்பெனி. எல்லோருக்கும் அது அமைவதில்லை.

எங்கள் ரூமை ஓட்டியது ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர். வாடகை வசூல், மெஸ் கணக்கு, பாத்ரூம் நேரம் எல்லாம் அவர் கையில். முதல் நாளே என்னைப் பாத்ரூமுக்குள் கூட்டிப்போய் ஹீட்டர் சுவிட்சைக் காட்டினார். அதன் மேல் டேப் ஒட்டியிருந்தது. "அக்டோபர் வரைக்கும் இதுல கை வைக்கக் கூடாது. குளிக்கிறதுக்கு வெந்நீர் வர்ற சிவப்புக் குழாயைத் திற" என்றார். ஆகஸ்டில் மொட்டைமாடி டேங்க் வெயிலில் காய்ந்து, பச்சைத்தண்ணிக் குழாயில் கை வைக்க முடியாத சூட்டில் வரும். போடாத ஹீட்டருக்குள் கிடக்கும் தண்ணீர் ஏசி வீட்டுக்குள்ளேயே இருப்பதால் கொஞ்சம் ஆறியிருக்கும். அது கொள்ளும் அளவுதான் கிடைக்கும். முதலில் குளிப்பவனுக்கு யோகம். கடைசி ஆள் ராத்திரியே வாளியில் பிடித்து வைத்துக்கொள்வார்.

அடுத்த மாதம் சென்னையிலிருந்து ஒரு பையன் வந்தான், பெரிய காலேஜ். டேப்பைப் பிரித்து ஹீட்டரைப் போட்டுவிட்டான். காலை ஐந்தரைக்கு ஷிப்டுக்குப் போக வேண்டிய மெக்கானிக் பாத்ரூமில் போட்ட சத்தத்தில் பக்கத்து ஃபிளாட்காரர்கள் கதவைத் தட்டினார்கள். ராமநாதபுரத்து அண்ணன் பையனைத் திட்டவில்லை. ஒரு வாரம் கடைசிக் குளியல் அவனுக்கு என்று மட்டும் சொன்னார். படிப்பைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்காகச் சொன்னேன்.

கட்டிலைவிட முக்கியம் மெஸ். ஆளுக்கு ஒரு ராத்திரி சமையல். வாங்கிய சாமானை நோட்டில் எழுதி மாதக் கடைசியில் வகுப்போம். வெளியே சாப்பிடுகிறவன் மதியத்துக்குள் சொல்ல வேண்டும், விருந்தாளி வந்தால் அவன் தலையும் கணக்கில் ஏறும். வெள்ளிக்கிழமை பிரியாணி. சமைக்கத் தெரியாது என்றால் பாத்திரம் கழுவலாம், தப்பில்லை. மெஸ்ஸில் சேராமல் குப்பூஸ் ரொட்டியும் தயிரும் வாங்கிக்கொண்டு கட்டிலுக்குள் திரை போட்டுச் சாப்பிட்டவர்கள்தான் சீக்கிரம் நொந்துபோனார்கள். இது நான் பார்த்தது. உங்களுக்குத் தனிமை பிடிக்கும் என்றால் நான் குறுக்கே வரவில்லை.

அந்தக் கீழ்க்கட்டிலுக்கு நான் மாதம் 650 திர்ஹம் கொடுத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். கோயில் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் தலைக்கட்டு வரி உண்டு. நான் விமானம் ஏறிய வருஷமே என் பெயருக்கு நேரே "வெளிநாடு" என்று எழுதி மூன்று மடங்கு போட்டார்கள். ஊரிலேயே ரைஸ்மில் வைத்திருப்பவருக்குப் பழைய வரிதான்! அப்பா கேட்டதற்கு, "துபாய்ல இல்லாத பணமா?" என்று சிரித்திருக்கிறார்கள். நான் ஐந்து பேரோடு ஒரு பாத்ரூமுக்கு வரிசையில் நிற்கிறேன் என்று அப்பாவால் சொல்லவும் முடியவில்லை. இன்றைக்கும் அந்த மூன்று மடங்கு மாறவில்லை, நான் திரும்பி வந்து மூன்று வருஷம் ஆகியும். சரி, விடுங்கள்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. வாடகைக்கு எடுத்தவர் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது என்பது 2007ஆம் ஆண்டின் 26ஆம் எண் சட்டத்திலேயே இருக்கிறது. 2025 ஜூனில் ரிக்கா, முரக்கபாத், பர்ஷா, சத்வா, ரஃபா பக்கமெல்லாம் துபாய் மாநகராட்சி இறங்கி, ஹாலைப் பலகை வைத்துத் தடுத்த பார்ட்டிஷன்களை அகற்றச் சொன்னது. தீப்பிடித்தால் வெளியே ஓட வழி இருக்காது என்பதுதான் காரணம். அதில் எனக்கும் மறுப்பில்லை. அதனால் பணம் கொடுக்கும் முன் இஜாரி, அதாவது அரசிடம் பதிவான வாடகை ஒப்பந்தம், யார் பெயரில் என்று கேளுங்கள். உங்கள் பெயரையும் தங்குபவராகப் பதிவு செய்வார்களா என்று கேளுங்கள். காட்ட மறுக்கிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தேவா பில், வைஃபை எல்லாம் வாடகையில் சேர்ந்ததா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். கரண்டும் தண்ணீரும் சேர்ந்த பில்லைத்தான் அங்கே தேவா என்பார்கள்.

ரூம் பார்க்க மத்தியானம் போகாதீர்கள். எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள், ரூம் பெரிதாகத் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு மேல் போனால்தான் எத்தனை பேர், யார் குறட்டை, ஏசி யார் தலையில் அடிக்கிறது என்பதெல்லாம் தெரியும். கட்டில் மூட்டுகளில் மொபைல் லைட் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால் மூட்டைப்பூச்சி. பழைய ஆள் மெத்தையைச் சும்மா விட்டுப் போகிறேன் என்றாலும் வாங்காதீர்கள், புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.