கண்ணாடி முன்னால் ஒரு முறைப்பு

ஐயா, இரண்டு மாதமாக என் முகத்தை நானே பென்சிலில் வரைந்து பார்க்கிறேன். பதினான்கு படம் ஆகிவிட்டது. கண்ணை மட்டும் அழித்து அழித்துத் தாளே கிழிந்துபோகிறது. எல்லாவற்றிலும் யாரையோ முறைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் காட்டினால், 'உன் சாயல் இருக்கு, ஆனா நீ இல்லை' என்கிறார்கள். கண்ணாடியை விட்டுவிட்டு செல்போனில் படம் எடுத்து அதைப் பார்த்து வரையலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். கைநீட்டும் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெருத்து காது பின்னுக்குப் போய்விடும், நீங்கள் அதை அப்படியே நகலெடுப்பீர்கள், அப்புறம் மூக்கைப் பற்றி இன்னொரு கடிதம் வரும்.

முறைப்பு உங்கள் பிழையே இல்லை. ஒரு மணி நேரம் தன்னையே உற்றுப் பார்க்கிறவர் முகம் வேறெப்படி இருக்கும்? சிரித்துக்கொண்டே உட்கார்ந்து பாருங்கள், பத்து நிமிடத்தில் பல்வலிக்காரர் மாதிரி ஆகிவிடுவீர்கள்.

வீட்டார் சொன்னதுதான் சுவாரசியம். உங்களுக்குத் தெரிந்த உங்கள் முகம் இடவலம் மாறிய கண்ணாடி முகம், அவர்களுக்குத் தெரிந்தது மற்றது. வகிடு, மச்சம், லேசாக ஏறிய புருவம் எல்லாமே அவர்களுக்கு இடம் மாறித் தெரிகிறது. அந்தப் படத்தையே கண்ணாடி முன் பிடித்து, உள்ளே தெரிவதை அவர்களுக்குக் காட்டுங்கள். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1630-இல் வாயைப் பிளந்தும் விழியை உருட்டியும் தன்னைச் சின்னச் சின்னச் செப்புத் தகடுகளில் வரைந்தார், ஒன்று சுமார் 5 சென்டிமீட்டர் உயரம்தான். கண்ணாடியில் பார்த்ததைத் தகட்டில் கீறி அச்செடுத்தால் மறுபடி இடவலம் புரளும் இல்லையா, ஆகவே தாளில் வந்தது ஊரார் பார்த்த ரெம்பிராண்ட்!

கண் விஷயம். தாளுக்குக் குனிந்து நிமிரும்போதெல்லாம் தலை கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது, நீங்கள் அதைக் கண்ணின் குற்றம் என்று நினைத்து அழிக்கிறீர்கள். மூக்கு நுனி தெரியும் இடத்தில் கண்ணாடியில் ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு முறையும் அதற்கே திரும்பி வாருங்கள். ரப்பரை எங்கேயாவது ஒளித்துவைத்துவிடுங்கள். ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1484-இல், பதின்மூன்று வயதில், வெள்ளிக் கம்பியின் முனையால் தன்னை வரைந்தார்; அந்தக் கோட்டை அழிக்க முடியாது.

எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு வரைய வேண்டும் என்றும் இல்லை. ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1933-இல் கரியால் தன்னை வரைந்த படத்தில் முகமும் விரல்களும் நிதானமாக வந்திருக்கின்றன, நடுவில் முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் வேகமாக இழுத்த கோணல்மாணல் கிறுக்கல்தான், ஆனாலும் கை அங்கே இருக்கிறது.

பதினைந்தாவதை அழிக்காமல் அனுப்புங்கள். முறைத்தாலும் சரி.