மூடிய புத்தகம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். சோம்பேறி இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்துவிடுகிறான். ஒவ்வொரு பாடத்தையும் நான்கைந்து முறை வாசிக்கிறான். புத்தகம் முழுக்க மஞ்சள் மையால் கோடு போட்டிருக்கிறான். கேட்டால் “எல்லாம் தெரியும்மா” என்கிறான். ஆனால் முதல் திருப்புதல் தேர்வில் அறிவியலில் 41 மதிப்பெண்தான். படித்த கேள்விக்கே விடை வரவில்லை என்று அழுதான். அவன் அப்பா அடுத்த வீட்டுப் பிள்ளையைச் சொல்லித் திட்டுகிறார். காலையில் படிப்பது நல்லதா, இரவிலா? ஞாபகசக்திக்கு மருந்து ஏதாவது கொடுக்கலாமா?

ச., திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

மருந்து வேண்டாம். காலையா இரவா என்பது அவன் வசதி. தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: பொதுத்தேர்வு முடியும்வரை அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயரை உங்கள் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. அழுதுகொண்டு வந்த பிள்ளையை இன்னொருவனோடு நிறுத்திப் பார்ப்பது கொடுமை.

“எல்லாம் தெரியும்மா” என்ற வரியில்தான் நான் நின்றுவிட்டேன். போன வாரம் பரணை ஒழிக்கும்போது என் அக்கா மகளின் பழைய அறிவியல் புத்தகம் கிடைத்தது. ஈரத்தில் ஊறிக் காய்ந்து இரண்டு மடங்கு தடித்துப்போன புத்தகம். அன்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் பத்தாம் வகுப்பு படித்தது, எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர்க் கல்வி அந்த வகுப்புக்கு வந்த ஆண்டு. அது குறித்த வழக்கு முடிந்து, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் புதுப் புத்தகம் கைக்கு வந்தது. அந்த டிசம்பர் 30 காலையில் ‘தானே’ என்ற புயல் நம் கரையில் ஏறியது. அக்கா வீட்டின் ஓடுகள் பறந்தன, அலமாரி நனைந்தது. பல நாட்கள் மின்சாரம் இல்லை. புத்தகத்தைத் துணிக்கொடியில் கவிழ்த்துப் போட்டோம். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவசரப்பட்டுப் பிரித்தால் கிழிந்தது. எனவே அக்கா ஒரு கட்டளை போட்டாள்: தெரிந்ததையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் புத்தகத்தைத் தொடவேண்டும்.

சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் ஓர் ஆள் உருவம் வரைந்தாள் பெண். நாளமில்லாச் சுரப்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டை. பிட்யூட்டரி, தைராய்டு, கணையம் என்று வைத்துக்கொண்டே வருவாள். ஒரு கொட்டை கையில் மீந்துவிடும். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மெழுகுவத்தியையே பார்ப்பாள். நான் வாயைத் திறந்தால் அக்கா முறைப்பாள். கடைசியில் தோற்றுப்போய்ப் புத்தகத்தை மெல்லப் பிரித்துப் பார்த்தாள்: அட்ரினல். மறுநாள் மாலை அவள் முதலில் வைத்த கொட்டை சிறுநீரகத்துக்கு மேலேதான் விழுந்தது.

உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. ஐந்தாம் முறை வாசிக்கும்போது வரிகள் மஞ்சக்குப்பம் கடைத்தெருவில் தினமும் பார்க்கும் முகம்போல் ஆகிவிடுகின்றன. பார்த்தால் தெரியும், பெயர் கேட்டால் வராது. கேள்வித்தாள் பெயரைத்தான் கேட்கிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் இதைச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். ஒரு குழு நான்கு சுற்றும் ஒரே பகுதியை வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று சுற்று பாராமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம்; எழுதிப் பார்த்தவர்களிடம் 61. அந்த முதல் ஐந்து நிமிடம்தான் உங்கள் மகனை ஏமாற்றுகிறது.

உங்களையும் ஏமாற்றியிருக்கிறது, அம்மா. விரித்த புத்தகத்தின் முன் அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தானே நிம்மதியாகச் சமையலறைக்குப் போனீர்கள்? ஒருநாளாவது அதை வாங்கி மூடிவிட்டு, “எங்கே, சொல்லு” என்று கேட்டீர்களா? “நான் படிக்காதவள்” என்று சொல்லாதீர்கள். என் அக்கா ஐந்தாம் வகுப்பு. அட்ரினல் எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. மீந்த கொட்டையை எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.

மஞ்சள் மைப் பேனாவை வாங்கி வைத்துவிடுங்கள். இன்று மாலை ஒரே ஒரு பாடம் போதும். வாசிக்கட்டும், மூடட்டும், வெற்றுத்தாளில் எழுதட்டும். விட்டதை மட்டும் புத்தகத்தில் தேடட்டும். அதே பாடத்தை மூன்றாம் நாள் கேளுங்கள், அடுத்த வாரமும் கேளுங்கள். முதல் நாள் பாதிகூட வராது, கோபப்படுவான். அவன் திணறிக்கொண்டிருக்கும்போது விடையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.